ஆர்வம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியை. வேலைக்கு வந்து இது மூன்றாவது வருடம். வகுப்பில் 40 பேர். வாரத்துக்கு நான்கு பாடவேளை, ஒவ்வொன்றும் 45 நிமிடம். வகுப்பறையை விட்டு வெளியே போனால் எங்கள் மாணவர்கள் காதில் ஆங்கிலம் விழவே விழாது. எட்டுப் பத்துப் பேர் ஆர்வமாக இருக்கிறார்கள். மற்றவர்கள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேறெங்கோ இருக்கிறார்கள். ஆங்கிலம் தெரிந்தால் நல்ல வேலை கிடைக்கும் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஸ்டார் ஸ்டிக்கர் கொடுத்தேன், குழுவாகப் பிரித்துப் புள்ளி போட்டேன், பாட்டும் விளையாட்டும் வைத்தேன். இரண்டு வாரம் கலகலப்பாக இருக்கும், அப்புறம் பழையபடிதான். ஒரு பையன் நேராகவே கேட்டான்: “எனக்கு எதுக்கு மிஸ் இங்கிலீஷ்?” இன்னொரு பெண் எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் வாங்குகிறாள், ஆனால் வாய் திறந்து ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. இவர்களுக்கு ஆர்வத்தை எப்படி உண்டாக்குவது? குறை என்னிடம்தான் இருக்கிறதா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பயம் மனதில் இருக்கும்வரை மற்ற எதைச் சொன்னாலும் உள்ளே போகாது. இது உங்கள் குறை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உங்களால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தென் கொரியாவில் 40 ஆங்கில வகுப்புகளில் 27 ஆசிரியர்களையும் 1,300-க்கும் மேற்பட்ட மாணவர்களையும் வைத்து நடந்த ஓர் ஆய்வு 2008-ல் வெளியானது. ஆசிரியர் வகுப்பில் நடந்துகொள்கிற விதத்துக்கும் மாணவர்கள் பாடத்தில் ஈடுபடுகிற அளவுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதை அதில் பார்த்தார்கள். வீட்டுச் சூழலையும் தேர்வு முறையையும் நீங்கள் மாற்ற முடியாது. அந்த 45 நிமிடத்தை மாற்ற முடியும்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. ஆர்வத்தை எப்படி உண்டாக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஆர்வம் வர வேண்டும், அது வந்துவிட்டால் பிறகு படித்துவிடுவார்கள் என்பது அந்தக் கேள்விக்குள் இருக்கும் எண்ணம். ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதே என் வேலை. நான் பார்த்தவரையில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது எதிர்த் திசையில்தான் நடக்கிறது. ஒரு பக்கத்தை யாருடைய உதவியும் இல்லாமல் படித்துப் புரிந்துகொண்ட பிறகுதான் அடுத்த பக்கத்தின் மேல் ஆசை வருகிறது. தான் சொன்ன ஒரு வாக்கியம் எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-லிருந்து விரிவாக எழுதினார். தானே செய்து, அதில் வெற்றி பெற்ற அனுபவம்தான் எல்லாவற்றிலும் வலுவான ஊற்று என்பது அவர் முடிவு. ‘உன்னால் முடியும்’ என்று அடுத்தவர் சொல்லும் வார்த்தைக்கு அவ்வளவு வலு கிடையாது. நீங்கள் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

அதனால் உங்கள் கேள்வியை நான் இப்படி மாற்றிக் கேட்பேன்: இந்த 40 பேரில் ஒவ்வொருவருக்கும், ‘ஆங்கிலத்தில் நான் இதைச் செய்துவிட்டேன்’ என்று உண்மையாகவே சொல்லிக்கொள்ள வாரத்துக்கு ஒரு தடவையாவது வாய்ப்பு கிடைக்கிறதா?

வேலை கிடைக்கும் என்ற பேச்சு ஏன் எடுபடவில்லை என்பதையும் பார்த்துவிடலாம். அது பொய்யில்லை. ஆனால் 14 வயதுக்கு வேலை என்பது ரொம்ப தூரம். அதோடு அது உங்கள் ஆசையாகவோ பெற்றோரின் ஆசையாகவோதான் அவர்கள் காதில் விழுகிறது. கனடாவில் ராபர்ட் கார்ட்னரும் வாலஸ் லாம்பர்ட்டும் 1959-லேயே மொழி கற்பவர்களின் நோக்கங்களை ஆராய்ந்தார்கள். வேலை, படிப்பு போன்ற பயனுக்காகக் கற்பது ஒரு நோக்கம். அந்த மொழி பேசும் மக்களோடு நெருங்கிப் பழகும் விருப்பம் இன்னொன்று. அவர்கள் பார்த்தது மான்ட்ரியால் நகரில் பிரெஞ்சு படித்த மாணவர்களை. அங்கே பிரெஞ்சு பேசுபவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். உங்கள் மாணவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. ஹங்கேரியிலும் இதே நிலைதான். அங்கே 1993, 1999, 2004 ஆகிய ஆண்டுகளில் 13,000-க்கும் மேற்பட்ட 13, 14 வயது மாணவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். அந்த ஆய்வுகளில் முன்நின்ற ஸோல்டான் டோர்ன்யெய், 2005-ல் வேறொரு விளக்கம் கொடுத்தார். அந்த மொழியைப் பேசுகிற ஆளாகத் தன்னையே மனக்கண்ணில் பார்க்க முடிகிற மாணவர்தான் உழைப்பார் என்பது அதன் மையம். ‘நீ இப்படி ஆகியே தீர வேண்டும்’ என்று பிறர் வைக்கும் பிம்பத்தை அவர் தனியாகப் பிரித்து வைத்தார். மூன்றாவதாக, இன்றைய வகுப்பு எப்படி இருக்கிறது என்ற நேரடி அனுபவத்தையும் சேர்த்தார்.

இதில் உங்களுக்கு உடனே உதவக்கூடிய ஒன்று இருக்கிறது. தன்னை அப்படிப் பார்க்க, தன்னைப் போன்ற ஒருவர் கண்முன் வேண்டும். மிகச் சரளமாகப் பேசும் பெரிய மனிதரைக் காட்டினால், அவர் வேறு உலகத்து ஆள் என்று பிள்ளைகள் தள்ளிவிடுவார்கள். ஜப்பானில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்த டிம் மர்ஃபி, மாணவர்களைவிட ஒரு படி மட்டும் மேலே இருப்பவர்களைக் காட்டும் வழியைப் பரப்பினார். தப்பு வந்தாலும் தயங்காமல் ஆங்கிலத்தில் பேசும் மாணவர்களின் வீடியோக்களைப் போட்டுக் காட்டினார். பார்த்தவர்களுக்குத் தப்பைப் பற்றிய பயம் குறைந்தது. உங்கள் பள்ளியின் பதினோராம் வகுப்பில், இரண்டு வருடம் முன்பு தடுமாறிக்கொண்டிருந்து இப்போது ஓரளவு பேசுகிற ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரைப் பத்து நிமிடம் வரச் சொல்லுங்கள். முதல் மார்க் வாங்கும் மாணவர் வேண்டாம். தடுமாறி மேலே வந்தவர்தான் வேண்டும். அவர் அறிவுரை சொல்லவும் வேண்டாம். தனக்குப் பிடித்த எதைப் பற்றியாவது ஆங்கிலத்தில் பேசட்டும், தப்போடு பேசட்டும், பிள்ளைகள் எந்த மொழியில் வேண்டுமானாலும் கேள்வி கேட்கட்டும்.

ஸ்டிக்கர் விஷயத்துக்கு வருகிறேன். உளவியலாளர் மார்க் லெப்பரும் உடன் இருந்தவர்களும் 1973-ல் வெளியிட்ட ஆய்வு இது. ஏற்கெனவே ஓவியம் வரைய ஆசைப்படும் சின்னப் பிள்ளைகள் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள், சான்றிதழும் கொடுத்தார்கள். சில நாள் கழித்து யாரும் சொல்லாமல் தானாக விளையாடும் நேரத்தில் பார்த்தால், இந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம் மற்ற பிள்ளைகளுடையதில் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளிடம் அந்த இறக்கம் இல்லை. இதைப் படித்துவிட்டுப் பரிசே கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். உங்கள் வகுப்பில் ஆர்வமே இல்லாதவர்களிடம் ஸ்டிக்கரால் கெட்டுப்போக ஒன்றுமில்லை. ஆர்வமாக இருக்கும் அந்த எட்டுப் பத்துப் பேரை நினைத்துத்தான் எனக்குக் கவலை. தானாகச் செய்துகொண்டிருந்ததை அவர்கள் ஸ்டிக்கருக்காகச் செய்யத் தொடங்கிவிடுவார்கள். அறிவிப்பு எதுவும் இல்லாமல் மெதுவாக நிறுத்திவிடுங்கள். குழுப் புள்ளியை உடனே நிறுத்தலாம். தடுமாறும் பிள்ளை தன் குழுவுக்குப் பாரமாகத் தெரிவது அதில்தான்.

சரி, செய்து முடித்த அனுபவத்தை எப்படிக் கொடுப்பது? எனக்கு முதலில் தோன்றுவது வாசிப்பு. இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரிய வகுப்பில், குறைந்த நேரத்தில், வெளியே ஆங்கிலமே இல்லாத சூழலில் இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

உங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுத்தர மாணவர் ஒருவரிடம் கொடுத்து, தெரியாத சொற்களின் அடியில் கோடு போடச் சொல்லுங்கள். வரிக்கு ஒன்று இரண்டு என்று விழுந்தால் அது அவருக்கு வாசிப்பு ஆகாது, புதிர் அவிழ்க்கிற வேலைதான். உதவியில்லாமல் ஒரு கதையைப் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்வளத்தைப் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்த பால் நேஷன் போன்றவர்களின் கணக்கு. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். நம் பாடப்புத்தகங்களில் பலவும் இந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஒவ்வொரு நாளும் ‘எனக்குப் புரியவில்லை’ என்பதை மட்டுமே ஒரு பாடம் நினைவுபடுத்திக்கொண்டிருந்தால், பெரியவர்களான நாமே அதை விட்டு விலகிவிடுவோம்.

ஃபிஜியில் ஒரு பரிசோதனை நடந்தது. வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் இருவரும் 1983-ல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாத கிராமத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு எளிய ஆங்கிலத்தில் 250 கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர் சேர்ந்து படித்துப் பேசினார், சிலவற்றில் பிள்ளைகள் அமைதியாகத் தாங்களே படித்தார்கள். எட்டு மாதத்தில், படித்துப் புரிந்துகொள்வதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் அவர்களின் முன்னேற்றம் வழக்கமான வேகத்தைப் போல் இரண்டு மடங்காக இருந்தது. இருபது மாதம் ஆனபோது அந்தப் பலன் மற்றத் திறன்களுக்கும் பரவியிருந்தது. இந்த முடிவில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசிப் பகுதி. படிக்கக் கொடுத்தார்கள், எழுத்தும் இலக்கணமும் சேர்ந்து வளர்ந்தன.

உங்களுக்கு 250 புத்தகம் கிடைக்காமல் போகலாம். முப்பது நாற்பது எளிய கதைப் புத்தகங்கள் இருந்தால் தொடங்கலாம். குறைந்த சொற்களுக்குள் எழுதப்பட்ட, படிப்படியாகக் கடினமாகும் கதை வரிசைகளைப் பல பதிப்பகங்கள் போடுகின்றன. சில நூறு சொற்களுக்குள் முடியும் புத்தகங்கள்கூட அவற்றில் உண்டு. அதுவும் இல்லையென்றால் ஆறாம், ஏழாம் வகுப்புப் புத்தகங்களில் இருக்கும் கதைகளைத் தனித்தனியாகத் தைத்து வையுங்கள். போன வருடத்து மாணவர்கள் எழுதிய சின்னக் கதைகளை நீங்கள் திருத்திச் சேர்க்கலாம். தன் பள்ளி அண்ணன் எழுதிய கதை என்றால் படிக்கும் வேகமே வேறு. ஒரு பக்கத்தில் தெரியாத சொல் இரண்டு மூன்றுக்கு மேல் வந்தால் அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டு வேறு எடுக்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் மாற்றிக்கொள்ளலாம்.

வாரத்தில் இரண்டு பாடவேளைகளில் முதல் பதினைந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். எல்லோரும் அமைதியாகப் படிக்க வேண்டும், நீங்களும் உங்களுக்குப் பிடித்த ஒன்றைப் படிக்க வேண்டும். நோட்டுத் திருத்தாதீர்கள். முடிந்ததும் கேள்வி கேட்காதீர்கள், சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள், மார்க் போடாதீர்கள். நீங்கள் சொல்லிக்கொடுக்காமல் எப்படி வரும் என்ற தவிப்பு முதல் மாதம் இருக்கும். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். முடித்த புத்தகத்தின் பெயரைத் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும். தான் இத்தனை ஆங்கிலப் புத்தகம் படித்திருக்கிறோம் என்று அந்தப் பட்டியலைப் பார்க்கும் பிள்ளைக்கு நீங்கள் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதில்லை.

அடுத்தது பேச்சு. 45 நிமிடத்தை 40 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு நிமிடம் சொச்சம். அதிலும் பாதிக்கு மேல் நீங்கள் பேசுவீர்கள். ஒவ்வொருவராக எழுப்பிப் பேச வைக்கும் முறையில் யாருக்கும் பேச்சு வராது. ஒரே நேரத்தில் பாதிப் பேர் பேச வேண்டும். ஆசிரியர்களிடையே 4-3-2 என்று ஒரு பயிற்சி உண்டு. ஒரே விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம், அடுத்தவரிடம் அதையே மூன்று நிமிடத்தில், மூன்றாமவரிடம் இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு நான்கு நிமிடம் அதிகம். 90 வினாடி, 60 வினாடி, 45 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசை எதிரெதிரே நிற்கட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரிசை ஓர் இடம் நகரட்டும். விஷயம் எளிதாக இருக்க வேண்டும்: நேற்று சாயங்காலம் என்ன செய்தேன், என் வீட்டில் யார் ரொம்பக் கோபக்காரர். பேசும் முன் இரண்டு நிமிடம் யோசிக்க நேரம் கொடுங்கள், குறிப்புச் சொல் எழுதிக்கொள்ளட்டும்.

இதில் நடப்பது என்னவென்றால், முதல் சுற்றில் திணறியவர் மூன்றாவது சுற்றில் அதே விஷயத்தைத் தடங்கல் குறைவாகச் சொல்லிவிடுவார். பத்தே நிமிடத்துக்குள் தன் பேச்சு முன்னேறியதைத் தன் காதாலேயே கேட்பார். மொழிப் பாடத்தில் முன்னேற்றம் சாதாரணமாக மாதக்கணக்கில் வருவது, கண்ணுக்கும் தெரியாது. இப்படி அன்றைக்கே தெரிகிற மாதிரி செய்யும் பயிற்சிகள் அபூர்வம். சத்தம் இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

வாய் திறக்காத அந்தப் பெண்ணைப் பற்றி: அவளுக்கு ஆர்வமில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எழுத்தில் நல்ல மார்க் வாங்குகிறவளுக்கு மொழி உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. அவளைத் தடுப்பது பெரும்பாலும் கூச்சம் அல்லது பயம். எலைன் ஹார்விட்ஸும் உடன் இருந்தவர்களும் 1986-ல் வெளியிட்ட கட்டுரை, அயல்மொழி வகுப்பில் வரும் பதற்றம் தனி வகை என்று காட்டியது. அதை அளக்க 33 கூற்றுகள் கொண்ட ஒரு படிவமும் தந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். தாய்மொழியில் புத்திசாலியாக, வேடிக்கையாகப் பேசும் பெண், ஆங்கிலத்தில் வாய் திறந்தால் நாலு வயசுப் பிள்ளை மாதிரித் தோன்றுகிறாள். அதுவும் 14 வயதில், தன் வயதுப் பிள்ளைகள் 39 பேர் முன்னால். நன்றாகப் படிப்பவர்களுக்கு இது இன்னும் கடினம், காப்பாற்ற வேண்டிய பெயர் ஒன்று இருக்கிறது அல்லவா.

அவளிடம் திடீரென்று கேள்வி கேட்பதை நிறுத்துங்கள். முந்தைய நாளே தனியாகக் கூப்பிட்டு, ‘நாளைக்கு உன்னிடம் இந்த ஒரு கேள்விதான் கேட்பேன்’ என்று சொல்லிவிடுங்கள். முதல் சில வாரம் ஜோடியாகப் பேசுவதோடு நிற்கட்டும், ஜோடியை அவளே தேர்ந்தெடுக்கட்டும். கேள்வி கேட்டபின் காத்திருங்கள். அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் அறிவியல் வகுப்புகளைக் கவனித்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் கண்டார். அதை மூன்று வினாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, கூப்பிடாமலே பேசிய பிள்ளைகள் அதிகமானார்கள், ‘தெரியாது’ என்ற பதில் குறைந்தது. அது தெரிந்த மொழியில் நடந்த வகுப்பு. அயல்மொழியில் மூன்று வினாடி எந்த மூலைக்கு? மனதுக்குள் ஐந்து, ஆறு என்று எண்ணுங்கள்.

அவள் பேசுகிற நாள் வந்தால், வகுப்பைக் கைதட்டச் சொல்லாதீர்கள். பேசியதே ஒரு நிகழ்ச்சியாகிவிட்டால் அடுத்த முறை இன்னும் பயம் கூடும். அவள் என்ன சொன்னாளோ அதற்குப் பதில் சொல்லுங்கள். தம்பிக்கு நாய் என்றால் பயம் என்று சொன்னால், ஏன் பயம் என்று கேளுங்கள். நாம் பேசுவது கேட்கப்படுகிறது என்பதைவிடப் பெரிய பாராட்டு எந்தப் பிள்ளைக்கும் கிடையாது.

தப்பைத் திருத்துவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது இதோடு ஒட்டியது. மாணவர் தப்பாகச் சொன்னதை ஆசிரியர் சரியான வடிவில் திரும்பச் சொல்வதுதான் எங்கும் அதிகம் நடக்கிறது. கனடாவில் பிரெஞ்சு மொழி வகுப்புகளைப் பதிவு செய்து 1997-ல் ராய் லிஸ்டரும் லீலா ரான்டாவும் எழுதியதில், இந்த வகைத் திருத்தமே மிக அதிகம், மாணவர் தன் தப்பைத் தானே சரிசெய்ய மிகக் குறைவாக உதவியதும் இதுவே. நீங்கள் திருத்தினீர்கள் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே பேசும்போது குறுக்கிடாமல் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில், பெயர் சொல்லாமல், பலருக்கும் வந்த இரண்டு தப்பை மட்டும் கரும்பலகையில் எழுதி வகுப்பையே சரிசெய்யச் சொல்லுங்கள். எழுத்திலும் அப்படித்தான். இந்த வாரம் இறந்தகாலம் மட்டும் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு அதை மட்டும் பாருங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பு மையோடு நோட்டு திரும்பி வந்தால் பிள்ளை மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடும். நீச்சல் நன்றாக வந்த பிறகுதான் தண்ணீரில் இறங்குவேன் என்று உட்கார்ந்திருக்கும் வகுப்பை உண்டாக்குவது பெரும்பாலும் நம் திருத்தங்கள்தான்.

இனி, எதற்கு இங்கிலீஷ் என்று கேட்ட பையன். உங்கள் வகுப்பிலேயே உங்களிடம் உண்மை பேசியவன் அவன்தான், அவன்மேல் கோபப்படாதீர்கள். அந்தக் கேள்விக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். பயன் என்ன என்று நிஜமாகவே கேட்டிருக்கலாம். ஆனால் என் அனுபவத்தில் பெரும்பாலும் அது ‘எனக்கு வரவில்லை’ என்பதைக் கௌரவமாகச் சொல்லும் வழி. வராததை வேண்டாம் என்று சொன்னால் தோற்ற மாதிரி இருக்காது. எது என்று கண்டுபிடிக்க, அவனைத் தனியாக, யாரும் இல்லாத நேரத்தில், அவன் மொழியிலேயே பேசி, ஆறாம் வகுப்புப் பத்தி ஒன்றை உங்களிடம் மட்டும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டவே திணறினால் பிரச்சினை ஆர்வத்தில் இல்லை. 26 எழுத்தை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுதுகிற மொழி ஆங்கிலம். ஒரே எழுத்துக் கூட்டம் ஒரு சொல்லில் ஒரு மாதிரியும் அடுத்த சொல்லில் வேறு மாதிரியும் ஒலிக்கும். சின்ன வகுப்பில் இதை யாராவது பொறுமையாகச் சொல்லிக்கொடுக்காமல் விட்டிருந்தால், அதற்கு மேல் கட்டிய எதுவும் நிற்காது. ஒன்பதாம் வகுப்பிலும் இப்படிப் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்கள் அதை மறைப்பதில் கைதேர்ந்தவர்கள். அவனுக்கும் அவனைப் போன்ற மூன்று நான்கு பேருக்கும் தினம் பத்து நிமிடம் எழுத்து-ஒலி உறவைக் கற்றுக்கொடுங்கள். வாசிப்பு இருக்கும் நாட்களில், மற்றவர்கள் அமைதியாகப் படிக்கும் நேரத்தில் உங்கள் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தே இதைச் செய்யலாம். நீங்களும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று சொன்னேனே, அதைவிட இது முக்கியம்.

நன்றாகவே படிக்கிறான், ஆனாலும் வேண்டாம் என்கிறான் என்றால் அப்போது அவனுக்கு எதில் விருப்பம் என்று கேளுங்கள். உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் மனிதருக்கு உள்ளிருந்து ஊக்கம் வர மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்றார்கள். ஒன்று தன்னால் முடிகிறது என்ற உணர்வு, அதைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசினோம். தானே தேர்ந்து செய்கிறோம் என்பதும், தன்னை மதிக்கிற மனிதர்களோடு இருக்கிறோம் என்பதும் மற்ற இரண்டு. அவனைப் பொறுத்தவரை விட்டுப்போயிருப்பது தேர்வு செய்யும் உரிமையாக இருக்கலாம். வீட்டுப்பாடத்தில் மூன்று தலைப்புக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், நான்காவதாக ‘உனக்குப் பிடித்த வேறு எதுவும்’ என்று சேர்த்துவிடுங்கள். அவன் பைக் எஞ்சினைப் பற்றி ஐந்து வரி எழுதிக் கொண்டுவந்தால் அதுவும் ஆங்கிலம்தான். அவன் கேட்ட கேள்விக்கு அதைவிட நல்ல பதில் உங்களிடமிருந்து வராது.

வகுப்பில் தாய்மொழி பேசலாமா என்ற குழப்பம் உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். தாராளமாகப் பேசுங்கள். பயிற்சியை எப்படிச் செய்வது என்று விளக்கவும், இலக்கணத்தில் சிக்கலான இடத்தைத் தெளிவாக்கவும், ஒரு பிள்ளையிடம் மனம்விட்டுப் பேசவும் தாய்மொழிதான் சரி. பாடத்தை வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள். மொழிபெயர்ப்பு வரப்போகிறது என்று தெரிந்தால் ஆங்கிலத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பான எதிர்பார்ப்புதான் நல்ல ஆசிரியர்களைச் சோர வைக்கிறது. ஐரோப்பிய மொழித்திறன் அளவீட்டில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் உண்டு. அன்றாட விஷயங்களைத் தானாகச் சமாளிக்கும் பி1 படியை எட்ட, தொடக்கத்திலிருந்து சுமார் 350 முதல் 400 மணி நேரம் வழிகாட்டலோடு படிக்க வேண்டும் என்று கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு கணக்குச் சொல்கிறது. உங்களுக்கு வாரத்துக்கு மூன்று மணி நேரம். விடுமுறையும் தேர்வும் போக வருடத்துக்கு நூறு மணி நேரம் கிடைத்தால் அதிகம். ஒரு நிமிடம்கூட வீணாகாமல் போனாலும் நாலு வருட வேலை அது. ஒரு வருடத்தில் எல்லோரும் சரளமாகப் பேச மாட்டார்கள், அதற்காக உங்களை நீங்கள் நொந்துகொள்ள ஒரு காரணமும் இல்லை. தேர்வு இருக்கிறது, பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். நான் சொன்ன வாசிப்பும் பேச்சும் சேர்ந்து வாரத்தில் ஒரு பாடவேளைக்குக் கொஞ்சம் மேல்தான் எடுக்கும். மற்ற மூன்றில் பாடத்தை முடிக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். முதலில் வாசிப்பு மட்டும், ஆறு வாரம். அது பழக்கமான பிறகு பேச்சுப் பயிற்சி. அந்தப் பையனோடு தனியாகப் பேசுவதை மட்டும் தள்ளிப்போடாமல் இந்த வாரமே செய்துவிடுங்கள். பலன் தெரிகிறதா என்று பார்க்க ‘இப்போது ஆங்கிலம் பிடிக்கிறதா’ என்று கேட்க வேண்டாம், உங்களைச் சந்தோஷப்படுத்தும் பதிலைத்தான் சொல்வார்கள். வேறு சிலவற்றைக் கவனியுங்கள். மணி அடித்த பிறகும் எத்தனை பேர் புத்தகத்தை மூடாமல் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டு எழுகிறார்கள், புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று யார் கேட்கிறார்கள், நீங்கள் கேட்காமலே ஆங்கிலத்தில் உங்களிடம் யாராவது ஒரு வாக்கியம் சொன்னார்களா. வாரக் கடைசியில் இரண்டு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு எதைத் தொடரலாம், எதை விடலாம் என்று முடிவு செய்யுங்கள். எங்காவது சிக்கிக்கொண்டால் அந்தக் குறிப்புகளோடு எழுதுங்கள், பார்க்கலாம்.